எண் பதினேழு: வகுப்பு இல்லை

என் அக்காவின் கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் ஒரு நாள் முழுக்கத் திட்டுவேன். திட்டி முடித்த பிறகு, பாவம் மனுஷன் என்றும் சொல்வேன். இரண்டையும் இங்கேயே செய்துவிடுகிறேன்.

அத்தானை எல்லோரும் 'கட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே என்றால் 'கட்டம் சார்'. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற அறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். சுவர் முழுக்க மரக்கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு தெரு. கையில் வந்த கடிதம் அதனதன் கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? முதல் வாரம் சமையலறைக் கரண்டிகளைப் பிரித்தார். கிளறுவது, அள்ளுவது, புரட்டுவது, 'வேலை தெரியாதது'. இரண்டாம் வாரம் வீட்டுக்கு வருகிறவர்களைப் பிரித்தார். உட்கார்ந்து பேசுகிறவர்கள், நின்றுகொண்டே பேசுகிறவர்கள், கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள். நான் மூன்றாவது வகுப்பாம். என்னிடமே சொன்னார்!

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பதினைந்து வருடமாக அடுத்தவர் காலுக்கு என் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

இந்த நேரத்தில்தான் ஐரிஸ் சங்கத்தில் பதிவாளர் இடம் காலியானது. ஐரிஸ் ஒரு பூ. வாள் போல இலை, நெட்டைத் தண்டு, மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பூப் பைத்தியம் உண்டு. ஒருவர் புதிதாக ஒரு பூவை உண்டாக்கினால் அதைச் சங்கத்தில் பதிய வேண்டும், பதிய வேண்டுமானால் அதற்கு ஒரு வகுப்பு வேண்டும். தொங்கும் இதழின் நடுவில் மயிர்க்கற்றை இருந்தால் தாடி வகுப்பு. இல்லாவிட்டால் தாடியில்லாத வகுப்பு. சேவலுக்கு இருப்பதுபோல் மேடு இருந்தால் கொண்டை வகுப்பு. இதுவரை எனக்கே புரிந்தது. கடைசியில் ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், வம்பெல்லாம் அதில்தான். வேறு வேறு இனத்து ஐரிஸ் இரண்டைச் சேர்த்து உண்டாக்கிய கலப்புப் பூவுக்கான வகுப்பு அது. அதற்குள் நுழைய வேண்டுமானால் பூவில் அம்மா ஜாடையும் தெரிய வேண்டும், அப்பா ஜாடையும் தெரிய வேண்டும். ஒரு ஜாடை மட்டும்தான் என்றால், இது அதே இனத்துப் பூவின் பொடியைத் தேனீ தடவிய வேலை, கலப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அத்தானுக்கு அந்தப் பதவி கிடைத்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதிவாளர் முத்திரையைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சங்கத்தின் செயலாளர் பல் டாக்டர் அம்மா. அவர் கிளினிக் மாடியில்தான் சங்கத்து அறை. பூ கொண்டுவருகிறவர் யார் என்று பதிவாளருக்குத் தெரியக்கூடாது. டாக்டரம்மா பூவைப் பாட்டிலில் வைத்து, பெயரை மறைத்து, எண் போட்டு மேலே அனுப்புவார். கடிதப் போக்குவரத்தும் அவர் வழியாகத்தான், எண்ணுக்குத்தான். அத்தான் போன கையோடு இன்னொரு விதியும் சேர்த்தார்: பதவியில் இருப்பவர் வீட்டுப் பூவைப் பதியவே கூடாது. எழுதி முடித்து அக்காவிடம் வாசித்துக் காட்டினார். அக்கா, "ரொம்ப நியாயம்ங்க" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடப் போனாள்.

துணி காயப்போடுகிற இடம் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம். அங்கே, சோப்புத் தண்ணீர் படாத மூலையில், விளிம்பு உடைந்த ஒரு பெரிய பெயின்ட் டப்பாவில் அக்கா ஒரு ஐரிஸ் வளர்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் பதவிக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்த வேலை. ஈரத்தில் வளரும் மஞ்சள் ஐரிஸ் தாய். அகல இதழ் ஊதா ஐரிஸ் தகப்பன். ஊதாவின் மகரந்தப் பொடியை எடுத்து அத்தானின் காலி மாத்திரை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மஞ்சள் பூத்த அன்று காதுக்குச்சியால் தடவுவாள். ஐந்து வருடம் காய்த்துக் காய்த்துப் பதராய்ப் போனது. ஆறாம் வருடம் நாலு விதை. அதில் ஒன்று முளைத்தது, அதுவும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை மாதிரி வெளிறிப்போய். மனுஷி அதை இரண்டு வருடம் தாங்கித் தாங்கி வளர்த்துப் பூக்க வைத்தாள்.

அத்தானுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது! வீட்டையும் அவர் பிரித்துத்தானே வைத்திருக்கிறார்! முன் அறை அவருடையது, சமையலறை பொது, துணி காயும் இடம் "உங்க அக்கா டிபார்ட்மென்ட்". அந்த டிபார்ட்மென்ட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

பூத்த அன்று அக்கா எனக்கு போன் செய்தாள். "டேய், உன் பேர்ல கொண்டுபோய்க் குடுடா. உன் வீடு வேற, என் வீடு வேற. விதியில இடிக்காது."

"ஏன்க்கா இந்தத் திருட்டுத்தனம்? அவர் பதவி முடியட்டுமே."

"அவர் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கிற ஆளா? பெண்டாட்டி பூன்னு தெரியாம, பூவ மட்டும் பார்த்து, அவர் வாயால கலப்புன்னு சொல்லணும். முப்பது வருஷமா நான் செஞ்ச எதையும் அவர் வெறுமனே 'சரி'ன்னு சொல்லிக் கேட்டதில்லடா. சரின்னா கூடவே ஒரு திருத்தம் வரும். ஒரே ஒரு தடவ கேட்கணும்."

மறுநாள் காலையில் பூவை வாங்கிக் காரில் வைத்தேன். வகுப்புகளை முடித்துவிட்டுப் பதினொன்றரைக்கு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். எண் பதினேழு போட்டார். சாயங்காலம் பதில் வந்தது: 'அம்மா ஜாடை மட்டுமே உள்ளது. வகுப்பு இல்லை.'

அக்கா குதித்தாள். அந்தப் பூவின் தொங்கும் இதழில், அடியில், தகப்பன் வழியாக வந்த ஊதா வளையம் ஒன்று உண்டு. விடியும்போது அழுத்தமாக இருக்கும், வெயில் ஏற ஏற வெளிறி, பத்து மணிக்கெல்லாம் காணாமல் போய்விடும். நான் கொண்டுபோன நேரத்துக்குப் பூ சுத்த மஞ்சளாக நின்றிருக்கிறது. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? அடுத்த வருடம் அதே எண்ணில் ஒன்பதுக்கே கொடுத்தேன். அன்று டாக்டரம்மா ஒருவருக்கு மூன்று பல் பிடுங்கிவிட்டு மதியம்தான் பாட்டிலை மேலே அனுப்பினார். மூன்றாம் வருடம் அத்தானுக்குச் சளி, பத்தரைக்கு வந்தார். மூன்று வருடமும் ஒரே பதில்தான்.

அக்கா சும்மா இருப்பாளா? எண் பதினேழாகக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல, நான் என் கோழிக்கிறுக்கலில் எழுதுவேன். 'ஐயா, உங்கள் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது' என்று ஆரம்பிக்கும். டாக்டரம்மா வழியாக அது அத்தானிடம் போகும். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, அக்காவுக்கே வாசித்துக் காட்டுவார்.

"என்ன திமிர் பாரும்மா இந்தப் பதினேழுக்கு! இதுக்கு நறுக்குன்னு ஒரு பதில் எழுதணும். எனக்கு வாக்கியம் வரமாட்டேங்குது."

அக்காவுக்கு வாக்கியம் நன்றாக வரும். "இப்படிப் போடுங்க. 'கண்ணாடியை மாற்றிவிட்டேன், பூதான் மாறவில்லை.'"

"அடி சக்கை!" என்று அத்தான் தொடையில் தட்டிக்கொண்டு எழுதுவார். மறுநாள் அந்தப் பதில் என் வீட்டுக்கு வரும். அக்கா வந்து படிப்பாள். படித்துவிட்டு, "என்ன நக்கல் பாருடா அந்த மனுஷனுக்கு!" என்று கண் சிவந்து கத்துவாள். அக்கா, இதை எழுதினதே நீதானே என்பேன். "எழுதினா என்ன? அனுப்பினது அவர்தானே?" என்பாள். இந்தக் குடும்பத்தில் எனக்குத் தலைமுடி இன்னும் மிச்சமிருப்பதே பெரிய விஷயம்.

நாலாம் வருடம் முதல் மொட்டு வந்த வாரமே அக்கா சுடச்சுட ஒரு கடிதம் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நான் வாசித்தேன். 'வளையம் உண்டென்று வாயால் சொன்னால் போதாது. விதி பத்தொன்பதின்படி, செடி நிற்கும் இடத்துக்கே காலை எட்டு மணிக்கு நேரில் வந்து பார்க்கப் பதிவாளர் தயார். காட்ட உங்களுக்குத் தைரியம் உண்டா?'

"யாருக்கா இந்தக் கடைசி வரி?"

அக்கா முந்தானையைத் திருகினாள். "நான்தான்டா. எழுதுற வேகத்துல வந்துடுச்சு. நல்லா இருந்துச்சு, விட மனசு வரல."

"அவர் எங்க வரப்போறாரு? உன் வீட்டுத் தொட்டிக்குப் பின்னாடியா? நீயே உனக்குச் சவால் விட்டுட்டு வந்து நிக்கிறியே, உன்ன என்ன சொல்றது!"

அதற்குள் போன் அடித்தது, அத்தான்தான். நேரில் பார்ப்பதென்றால் முகவரி வேண்டும், டாக்டரம்மா கொடுத்துவிட்டார். "மாப்ள! நீங்களா பதினேழு? புல்லுக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளாச்சே நீங்க! மூணு வருஷமா என்னக் கண்டபடி திட்டினது நீங்கதானா?"

"ஆமா அத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? "நாளைக்குக் காலைல எட்டுக்கு வரேன். சொந்தம்னு சலுகை கிடையாது" என்றார். அக்கா பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முகம் வெளுத்தது. செடி அவள் வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பதினொரு வருட உழைப்பு விதியோடு போய்விடும்.

அத்தான் தினமும் ஆறு மணிக்கு நடக்கப் போவார், ஏழேகாலுக்குத் திரும்புவார். அந்த இடைவெளியில் டப்பா என் மூன்றாம் மாடி பால்கனிக்கு வர வேண்டும். ஆறரைக்கு எனக்கு ஒரு வகுப்பு இருந்தது. பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, கிளட்ச் என்றாலே கண்ணை மூடிக்கொள்வார். அவரை ஓட்ட வைத்தே அக்கா வீட்டுக்குப் போனேன். டப்பாவைப் பின் சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட் மாட்டினோம். பூ காரின் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அக்கா பக்கத்தில் ஏறித் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய சாலைக்கு வந்ததும் எதிரே அத்தான். கையை வீசி வீசி நடந்து வருகிறார். "மெதுவா, மெதுவா, நிறுத்தாம போங்கம்மா" என்றேன். பேங்க் அம்மா கண்ணை மூடினார். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி, சரியாக அத்தான் பக்கத்தில் போய் நின்றது. பின்னால் பார்த்தேன். அக்கா காருக்குள் இருந்த வெயில் மறைப்புத் துணியை எடுத்துத் தன் தலையோடு சேர்த்துப் பூவையும் மூடிக்கொண்டிருந்தாள்.

அத்தான் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பின்னாடி யாரு?"

"அடுத்த வகுப்புக்காரங்க அத்தான். பயத்துல மூடிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"பயப்படாதீங்கம்மா, பழகிடும்" என்று அத்தான் தன் மனைவிக்கும் பூவுக்கும் சேர்த்து ஆறுதல் சொன்னார். துணிக்குள்ளிருந்து தலை மட்டும் ஆடியது. பேங்க் அம்மா அந்த நேரம் பார்த்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குலுங்காமல் வண்டியை எடுத்தார்.

மூன்று மாடி ஏற்றினோம். என் முதுகு இன்னும் சரியாகவில்லை. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தான் அழைப்பு மணி அடித்தார். அக்கா சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அத்தான் அளவுகோல், பூதக்கண்ணாடி, படிவம் எல்லாம் எடுத்து வைத்தார். தாடி உண்டா என்று பார்த்தார். தண்டை அளந்தார். பிறகு பால்கனித் தரையில் முழங்கால் போட்டு, தொங்கும் இதழை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். அப்படியே இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"வளையம் இருக்கு" என்றார். "அம்மாவோட மஞ்சள். அப்பாவோட வளையம். இலையில கலப்புக்கே வர்ற அந்த வெளிறல். ரெண்டு பேரும் இருக்காங்க மாப்ள. இது கலப்புதான். சரி."

திருத்தம் எதுவும் வரவில்லை. வெறும் சரி. சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தது.

"பூனை" என்றேன்.

அத்தான் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். "சேர்த்தது எந்த வருஷம்?" ஏதோ ஒரு வருடத்தைச் சொன்னேன். "மகரந்தம் எதுல வச்சீங்க?" கையில என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "விதை எத்தனை வந்துது?"

விதை எத்தனை வரும்? எனக்கு என்ன தெரியும்? "ஒரு கிலோ இருக்கும்" என்றேன்.

"நாலு!" என்று சமையலறைக்குள்ளிருந்து ஒரு கத்தல். "நாலுடா, முட்டாளே!"

அக்காவே வெளியே வந்துவிட்டாள். கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அத்தான் தரையில் இருந்தபடியே திரும்பினார்.

"நாலா?"

"நாலுங்க. ஒண்ணுதான் முளைச்சுது."

"எங்க வளர்த்தே?"

"தொட்டிக்குப் பின்னாடி. துணி காயற இடத்துல."

"நான் பார்த்ததே இல்லையே?"

"உங்க டிபார்ட்மென்ட் இல்லையேங்க."

அத்தான் மெதுவாக விரல் விட்டு எண்ணினார். "அப்போ என்னக் கண்ணாடி மாத்தச் சொன்னது?"

"நான்தான்."

"மாத்திட்டேன், பூ மாறலைன்னு பதில் எழுதினது?"

"அதுவும் நான்தானே. நீங்கதான வாக்கியம் வரலன்னீங்க?"

"காரில முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது?"

அக்கா தலையை ஆட்டினாள். நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. நிரப்பிய படிவத்தைக் கையில் எடுத்தார், ஒழுங்காக நாலாக மடித்தார், மடித்த கோட்டிலேயே கிழித்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யோவ்!" என்றேன். அத்தானை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பதினொரு வருஷம்! உன் வீட்டுக்குள்ளயே ஒருத்தி பதினொரு வருஷமா பாடுபட்டிருக்கா, இப்பதான் சரின்னு சொன்ன வாயி, அதுக்குள்ள கிழிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

"விடுடா" என்றாள் அக்கா. "விதி விதிதான். அவர் சொல்லிட்டாரு, என் காதுல விழுந்துடுச்சு. அது போதும்." போதும் என்று சொன்னவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கு அந்தப் பூ பதிவேட்டில் ஏற வேண்டும், பக்கத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

"மாப்ள, ஒரு வெள்ளத் தாள் குடுங்க" என்றார் அத்தான்.

கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து எழுதினார். பதிவாளர் பதவியிலிருந்து இன்று காலை எட்டரை மணி முதல் விலகுகிறேன் என்று இரண்டே வரி. அந்த முத்திரை கைக்கு வந்த நாளிலிருந்து மனுஷன் எத்தனை நிம்மதியாகத் தூங்கினார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்னங்க பண்றீங்க?" அக்கா பதறினாள். "அது இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க? வேணாங்க, எனக்குப் பூவே வேணாம்."

"இரும்மா. மூணு தடவ திருப்பி அனுப்பினேன். அது தப்பில்ல. என் மேசைக்கு வந்தப்போ வளையம் இல்ல. அதுக்கு நான் மன்னிப்பு கேட்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "ஆனா இன்னிக்குப் பார்த்துட்டேன். பார்த்தத பார்க்கலன்னு வச்சுக்கிட்டு அந்த நாற்காலில எப்படி உட்காருறது? நாற்காலி வேற யாருக்காவது போகட்டும். நீ உன் பேர்ல கொண்டு போ."

நான் அவரை யோவ் என்று கூப்பிட்டதற்கு வெட்கப்பட்டேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். "பரவாயில்ல மாப்ள, கோபத்துல சொன்னது தனி வகுப்பு" என்றார்.

டப்பாவைத் திரும்ப மூன்று மாடி இறக்கினோம். நாலாம் நாள் அடுத்த மொட்டு மலர்ந்தது. அன்று காலையிலிருந்தே தூறல். தற்காலிகப் பதிவாளராக டாக்டரம்மாவே வந்தார். பழக்க தோஷம், பூவின் முன்னால் குனிந்ததும், "கொஞ்சம் பெருசாத் திறங்க" என்றார். தொட்டிக்குப் பின்னால் நாலு பேர் நிற்க இடமில்லை. காய்ந்துகொண்டிருந்த, இல்லை, நனைந்துகொண்டிருந்த ஒரு போர்வைக்கு நடுவே நான் நின்றேன். அத்தான் முதன்முதலாக அந்தப் பக்கம் வந்து, சேற்றில் செருப்பு புதைய, குடையைப் பூவின் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முழுக்க நனைந்தது. டாக்டரம்மா ஏதாவது சந்தேகம் கேட்டால், "அவங்களக் கேளுங்க" என்று அக்காவைக் காட்டினார்.

டாக்டரம்மா வளையத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், 'கலப்பு' என்று எழுதினார். உண்டாக்கியவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் கடைசியில், 'ஆய்வின்போது உடனிருந்தவர்' என்று ஒரு வரி இருந்தது, அவர் யார், என்ன பொறுப்பு என்று எழுத வேண்டும்.

"உங்கள என்னன்னு போடறது கட்டம் சார்?" என்றார் டாக்டரம்மா. "முன்னாள் பதிவாளர்னு போடவா? வீட்டுக்காரர்னு போடவா?"

ஊரில் உள்ள கரண்டிக்கெல்லாம் வகுப்பு வைத்திருந்த மனிதர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"குடை பிடிச்சவர்னு போடுங்க" என்றார்.

டாக்டரம்மா அப்படியே எழுதினார். அக்கா அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் புடிங்க, இதழ் நனையுது" என்றாள்.